யாருடைய பட்ஜெட்?

ஸ்ட்ரோக்கர் எஞ்சினோட எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதுக்கு முன்னால ஒட்டியிருக்கிற ‘பட்ஜெட்’ என்ற சொல்லோடதான் சண்டை. “குறைஞ்ச செலவில உங்கட ஜீப்புக்குப் பெரிய எஞ்சின்” என்று தலைப்புப் போட்ட அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமையே கராச் வாசலில நின்று “அண்ணை, இதுக்கு ஸ்ட்ரோக் கூட்டலாமோ, எவ்வளவு முடியும்?” என்று கேட்கிற பெடியள் எங்களுக்குள்ளயும் வந்துவிட்டார்கள். ஆசையில பிழையில்லை. கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் பிழை. அந்த வீடியோவில் சொல்லப்பட்ட தொகையில் யாருடைய வேலை கணக்கில் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

ஸ்ட்ரோக் என்றதும் ஆஸ்பத்திரி நினைவு வாற ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சிலிண்டருக்குள்ள பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரைக்கும் போற தூரத்துக்குப் பெயர் ஸ்ட்ரோக். அந்தத் தூரத்தைத் தீர்மானிக்கிறது கிராங். சிலிண்டரின் அகலத்தை அப்படியே விட்டு, தூரம் கூடின கிராங் ஒன்றைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் கூடக் காற்றை இழுக்கும், கூடப் பெற்றோலை எரிக்கும், இழுவை கூடும். இதுதான் ஸ்ட்ரோக்கர். அமெரிக்காவில் காட்டுப்பாதை ஓடுற ஆக்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அவர்களின் நினைவுக்கு முதலில் வருவது ஜீப்பின் 4.0 லீற்றர், ஆறு சிலிண்டர் எஞ்சின். ‘பட்ஜெட் ஸ்ட்ரோக்கர்’ என்ற கதை பெரிய அளவில் வளர்ந்ததும் அதைச் சுற்றித்தான். ஆகவே அதையே எடுத்துக் கதைப்பம்.

அந்த எஞ்சினின் பிறப்பு ஒரு ஏழை வீட்டுக் கதை. அமெரிக்கன் மோட்டர்ஸ் என்ற கம்பனி மற்றப் பெரிய மூன்று கம்பனிகளோடு ஒப்பிட்டால் காசில்லாத கம்பனி. 1964இல் அவர்கள் ஒரு ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். 1971இல் அதே குடும்பத்தில் 4.2 லீற்றர் வந்தது. 1987 மொடல் செரோக்கியில் 4.0 லீற்றர் வந்தது. அதே ஆண்டு கிறைஸ்லர் அந்தக் கம்பனியையே வாங்கிவிட்டது, ஆனால் எஞ்சினைக் கைவிடவில்லை. 2006 ரங்ளர் வரைக்கும் அது ஓடியது. ஒவ்வொரு முறையும் புது அச்சு, புது மெசின் வாங்கக் காசில்லாத கம்பனி என்றபடியால் குடும்பம் முழுக்க ஒரே எலும்புக்கூடு. 4.2 எஞ்சினுடைய கிராங், 4.0 எஞ்சினின் புளொக்கில் போய் உட்காரும். மெயின் பெயரிங்கின் அளவு ஒன்று, கொன்ரொட் பூட்டுற இடத்தின் அளவும் ஒன்று.

இனி இலக்கங்கள். வாசிச்சுத் தாண்டாதையுங்கோ, இந்தக் கட்டுரையே இதுக்குள்ளதான் இருக்கு. 4.0 எஞ்சினின் சிலிண்டர் அகலம் 98.4 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 86.7. 4.2 எஞ்சினின் அகலம் 95.25, ஸ்ட்ரோக் 98.9. முதலாவதின் அகலத்தையும் இரண்டாவதின் ஸ்ட்ரோக்கையும் சேர்த்துப் பெருக்கினால் 4.5 லீற்றர் வரும். தேய்ந்த சிலிண்டரை 30 தௌ போர் பண்ணினால் 4.6. 60 தௌ என்றால் 4.7 தொடும். தௌ என்று லேத் ஆக்கள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கிராங் மாறினால் பிஸ்டன் உச்சியில் 6.1 மில்லிமீற்றர் மேலே வரவேண்டும். அப்படி வந்தால் ஹெட்டில் போய் அடிக்கும். ஆனால் 4.2 எஞ்சினின் கொன்ரொட், 4.0இனதை விட 6.35 மில்லிமீற்றர் கட்டை. ஆக 4.2இன் கிராங்கையும் ரொட்டையும் சேர்த்துப் போட்டு, 4.0இன் பிஸ்டனையே பாவித்தால் பிஸ்டன் பழைய இடத்துக்குக் கால் மில்லிமீற்றர் கீழே வந்து நிற்கும். ஒருத்தரும் திட்டமிடாமல் இரண்டு பழைய எஞ்சின்கள் இப்படிப் பொருந்திப் போறது எனக்கு இப்பவும் அதிசயமாய்த்தான் இருக்கு. ஸ்ட்ரோக்கரை நான் விரும்புறது இந்தக் கணக்குக்காக.

இந்த அதிசயம்தான் பொய்க்கும் வாசல். “பிஸ்டன் இடிக்காது, கிராங் உட்காருது, அப்ப வேலை முடிஞ்சுது” என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் பழைய 4.2 எஞ்சின் ஒன்று ஸ்கிராப் யாட்டில் மலிவாய்க் கிடைத்த காலம் இருந்தது. அதை வாங்கினவர் தன் வீட்டுக் கராச்சில், தன் கிரேனில் எஞ்சினைத் தூக்கி, தன் சாவிகளால், தன் சனி ஞாயிறுகளில் பூட்டினார். பிறகு கிராங்குக்குக் கொடுத்த காசையும் கஸ்கற் செற்றின் காசையும் கூட்டி இவ்வளவுதான் முடிஞ்சது என்றார். அவருடைய உழைப்புக்கு விலை பூச்சியம். உபகரணத்துக்கு விலை பூச்சியம். பக்கத்து ஊர் மெசின் ஷொப்பில் புளொக்கைப் போர் பண்ணினவருக்குக் கொடுத்த காசோ, வீடியோவின் கடைசியில் வேகமாய் ஓடுற ஒரு வரி.

சரியான கணக்கு எப்படி இருக்கும்? தேய்ந்த எஞ்சின் ஒன்றைத் திறந்தால் ஸ்ட்ரோக்கர் செய்தாலும் செய்யாவிட்டாலும் போர் பண்ணவேண்டும், புதுப் பிஸ்டன் ரிங் வேண்டும், பெயரிங் வேண்டும், ஒயில் பம்ப், ரைமிங் செயின், கஸ்கற் வேண்டும், ஹெட்டில் வால்வ் வேலை செய்யவேண்டும். இதெல்லாம் ரீபில்ட் செலவு. ஸ்ட்ரோக்கருக்கென்று தனியாக வாறது 4.2இன் கிராங், அதைக் கிரைண்ட் பண்ணுற கூலி, ரொட் செற், எல்லாத்தையும் சேர்த்து பலன்ஸ் பண்ணுற கூலி, கொஞ்சம் பெரிய இன்ஜெக்டர் ஆறு. ஆகவே ஏற்கெனவே திறக்கவேண்டி வந்த எஞ்சினுக்கு ஸ்ட்ரோக்கர் உண்மையாகவே மலிவான மேலதிகம். நல்லாய் ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினை இதுக்காகத் திறந்தால் முழு ரீபில்ட் செலவும் ஸ்ட்ரோக்கரின் தலையில்தான் விழும். ஒரே எஞ்சின், ஒரே சாமான், இரண்டு வேறு விலை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாத எந்த வீடியோவும் உங்களுக்கு எதையோ விற்குது.

இதைவிடப் பெரிய பிரச்சினை பிஸ்டனுக்கு மேலே இருக்கு.

4.0 எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 8.8க்கு 1. அதாவது பிஸ்டன் அடியில் இருக்கும்போது உள்ளே இருக்கிற காற்று, உச்சிக்கு வரும்போது 8.8 மடங்கு நெரிக்கப்படும். மேலே இருக்கிற எரியறையை மாற்றாமல் ஸ்ட்ரோக்கை மட்டும் கூட்டினால் கூடக் காற்று அதே இடத்துக்குள் நெரிபடும். நான் சொன்ன இலக்கங்களை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம், 9.7க்குக் கிட்ட வரும். இது தன்னளவில் கெட்டதில்லை. இழுவை கூடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் எஞ்சின் இப்ப கூட ஒக்டேன் கேட்கும்.

அதோட இன்னொரு இடைவெளியையும் பார்க்கவேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தட்டையான விளிம்புக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையில் இருக்கிற மெல்லிய இடுக்குத்தான் அது. இந்த இடுக்கு ஒரு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டி மட்டும் இருந்தால் அங்கே இருக்கிற காற்றும் பெற்றோலும் பிழியப்பட்டு பிளக் பக்கம் பாயும், நல்லாய்க் கலக்கும், ஒழுங்காய் எரியும். இடுக்கு அகலமாய் இருந்தால் அந்த மூலையில் ஒரு பங்கு தேங்கும். தீ வந்து சேர முதலே அது தானாக வெடிக்கும். நொக் பண்ணுது என்று நாங்கள் சொல்லுற அந்தத் தகரச் சத்தம் இதுதான். ஏற்றத்தில், கியர் குறைத்து, ஆக்சிலேற்றரை முழுக்க மிதிக்கும்போதுதான் அது வரும். காட்டுப்பாதையில் நாள் முழுக்கச் செய்யுறதும் அதைத்தான்.

கொன்ரொட் மாற்றினபோது பிஸ்டன் கால் மில்லிமீற்றர் கீழே போனது என்று சொன்னேனே, அது இடிக்காமல் காப்பாற்றின அதே கால் மில்லிமீற்றர்தான் இங்க எதிரி. கம்பனி எஞ்சினிலேயே அந்த இடுக்கு ஒன்றும் நெருக்கமில்லை. மலிவு ஸ்ட்ரோக்கரில் அது ஹெட் கஸ்கற்றின் தடிப்பையும் சேர்த்து 2 மில்லிமீற்றருக்குக் கிட்டப் போய்விடும். அழுத்தம் கூடிவிட்டது, இடுக்கு அகன்றுவிட்டது. நொக் பண்ணுறதுக்கு இதைவிடப் பொருத்தமான சோடி இல்லை.

இதுக்கு வழி இருக்கு. புளொக்கின் மேல்தளத்தை மெசினில் கொடுத்துச் சீவி பிஸ்டனை மேலே கொண்டுவரலாம். சீவினால் அழுத்தம் இன்னும் ஏறும், ஆகவே நடுவில் குழி கூடின பிஸ்டன் வேண்டும். இல்லாவிட்டால் 4.0இன் நீள ரொட்டையே வைத்துக்கொண்டு, அதுக்கேற்ற உயரம் குறைந்த பிஸ்டனைத் தனியாகச் செய்விக்கலாம். நீள ரொட்டில் இன்னொரு நன்மையும் இருக்கு: ரொட் கட்டையாகவும் ஸ்ட்ரோக் நீளமாகவும் இருந்தால் ரொட் கூடச் சரிந்து நின்று பிஸ்டனைச் சிலிண்டர் சுவரோடு உரசத் தள்ளும். கம்பனி எஞ்சினில் ரொட் நீளம் ஸ்ட்ரோக்கைவிட 1.79 மடங்கு, மலிவு ஸ்ட்ரோக்கரில் 1.51தான். எது எப்படியோ, எந்த வழியில் போனாலும் மெசின் வேலையும் அளவெடுப்பும்தான் காசு. பட்ஜெட் உடைகிற இடமும் இதுதான். வீடியோக்காரர் என்ன செய்கிறார்? அளக்காமல் பூட்டிவிட்டு, “எனக்கு நொக் பண்ணேல்ல” என்கிறார். அவருடைய ஊரின் பெற்றோல் வேறு, குளிர் வேறு, ஏற்றம் வேறு.

பெற்றோலைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் எங்கட ஆக்கள் நேராகவே தடக்கி விழுறது இதில்தான். அமெரிக்க வீடியோவில் “சாதாரண 87 ஒக்டேனிலயே ஓடுது” என்பார்கள். எங்கட பெற்றோல் ஷெட்டில் 92 என்று எழுதியிருக்கு. “அவங்கட 87இலயே ஓடுதெண்டால் எங்கட 92 அமிர்தம்தானே” என்று நினைத்தால் முடிந்தது கதை. அமெரிக்கப் பம்பில் எழுதுறது இரண்டு வேறு சோதனைகளின் சராசரி. எங்களிடத்தில் எழுதுறது அதில் ஒன்றின் முடிவு மட்டும், இலக்கம் கூட வாற சோதனையின் முடிவு. அவர்களுடைய 87உம் எங்களுடைய 92உம் கிட்டத்தட்ட ஒரே பெற்றோல். அவர்களுடைய 91, எங்களுடைய 95 பக்கம். அவர் 91 ஊற்ற வேண்டியிருக்கு என்று சொன்னால் நீங்கள் வாழ்நாள் முழுக்க 95 ஊற்றவேண்டும் என்று அர்த்தம். சாமானில் மிச்சம் பிடித்ததை ஷெட்டில் கொடுத்து முடிப்பீர்கள்.

மற்றச் சில்லறைகளைக் கெதியாய்ச் சொல்லிவிடுறன். பழைய 4.2 கிராங்குகளில் 12 எதிர்ப்பாரம் உள்ளது ஒரு வகை, 4 உள்ளது இன்னொரு வகை. சில பழைய கிராங்கின் முன்மூக்கு நீளம் கூட, அப்படியே பூட்டேலாது. 2000ஆம் ஆண்டுப் பக்கம் வந்த, 0331 என்று வார்ப்பு இலக்கம் உள்ள ஹெட்டுகள் 3ஆம் 4ஆம் சிலிண்டர்களுக்கு இடையில் வெடிக்கிறதுக்குப் பேர்போனவை. கேம் ஷாவ்டும் தப்பெற்றும் உரசி ஓடுற பழைய வகை, ஆகவே புதுக் கேம் போட்டால் முதல் இருபது நிமிடம் சரியான ஒயிலோடு, ஐடிலில் விடாமல் ஓட்டிப் பழக்கவேண்டும். இல்லாவிட்டால் கேமின் மூக்குத் தேய்ந்து அந்த இரும்புத்தூள் முழு எஞ்சினுக்குள்ளும் போகும். 5000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் செக்கனுக்கு 14.4 மீற்றரிலிருந்து 16.5 மீற்றருக்கு ஏறும். ஆகவே இது உறுமிக்கொண்டு ஓடுற எஞ்சின் இல்லை, அமைதியாய் இழுக்கிற எஞ்சின்.

இனி, காட்டுக்குள்ள ஓடுறதுக்கு இந்த எஞ்சின் தேவையா என்ற கேள்வி. என் வாதத்தின் கூர் இதில்தான் இருக்கு, இதைக் கேட்டதும் கோபப்படுற நண்பர்களும் எனக்கு இருக்கினம்.

4.0 லீற்றரிலிருந்து 4.5க்குப் போனால் கொள்ளளவு ஏறுவது 14 வீதம். இப்ப, ஜீப் ஓடுற ஆக்கள் முதலில் செய்யுற வேலை என்ன? ரயரைப் பெரிசாக்குறது. 29 அங்குல ரயரைக் கழற்றி 33 அங்குலம் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 14 வீதம் கூடத் தூரம் போகும், ஆகவே சில்லில் கிடைக்கிற இழுவை அதே அளவு தளரும். “ரயர் மாத்தினதுக்குப் பிறகு வண்டி செத்துப்போச்சு, பெரிய எஞ்சின் வேணும்” என்ற முறைப்பாடு அப்போதுதான் வரும். ரயரில் தொலைத்த 14 வீதத்தைத் தேடி எஞ்சினைத் திறக்கிறார்கள். டிஃபரன்ஷியலில் 3.55 பல்விகிதத்தை 4.10 ஆக்கினால் 15 வீதம் திரும்பி வந்துவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டையும் மாற்றவேண்டும், பற்களின் இடைவெளியைப் பார்த்துச் சரியாய்ப் பூட்டத் தெரிந்த கை வேண்டும், அதுவும் சும்மா வராது. ஆனால் எஞ்சினைத் தொடத் தேவையில்லை.

இன்னும் இருக்கு. பாறைக்கு மேல ஊர்ந்து ஏறும்போது உதவுறது ட்ரான்ஸ்பர் கேஸின் லோ கியர். அந்தக் காலத்துச் சாதாரண ரங்ளரிலும் செரோக்கியிலும் அது 2.72 மடங்கு. 2003இல் வந்த ரங்ளர் ரூபிக்கனில் கம்பனியே 4 மடங்கு போட்டது. இந்த ஒரு பெட்டி மட்டும் சில்லின் இழுவையை 47 வீதம் கூட்டும், அதோட வண்டியின் ஊரும் வேகத்தையும் குறைக்கும். எந்த ஸ்ட்ரோக்கரும் இதைத் தராது. ஜீப்பைக் கட்டின கம்பனிக்கே இது தெரிந்திருக்கு: கடினமான பாதைக்கென்று ஒரு மொடல் செய்தபோது அவர்கள் எஞ்சினைப் பெரிசாக்கவில்லை, அதே 4.0ஐ வைத்துக்கொண்டு கியரை மாற்றினார்கள்.

அப்ப ஏன் எல்லாரும் எஞ்சினைப் பற்றியே கதைக்கிறம்? எஞ்சின் சத்தம் போடும், பொனற்றைத் திறந்து காட்டலாம், லீற்றர் கணக்குச் சொல்லலாம். டிஃபரன்ஷியலைத் திறந்து நண்பனுக்குக் காட்டேலாது. வீம்புக்குச் செய்யுறதென்றால் வீம்புக்கு என்று சொல்லிச் செய்யுங்கோ, நானும் வந்து பார்ப்பன். அதைத் தேவை என்று சொல்லாதையுங்கோ.

“V8 ஒன்றைத் தூக்கிப் போட்டால் முடிஞ்சுது” என்ற கட்சி ஒன்று எப்பவும் உண்டு. அவர்களுக்குக் கியர்பெட்டி, ரேடியேற்றர், வயரிங், எஞ்சின் மவுண்ட் எல்லாம் சும்மா முளைக்கும் போல. அதை விடுவம். “மின்சார வாகனம் வந்திட்டுது, இதென்ன பழங்கதை” என்பவர்களுக்கு ஒரு பதில் மட்டும்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்த நாடு இது. கதவு திறந்த பிறகும் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போடுகிற நாடு. இந்த நாட்டில் பழைய எஞ்சினைத் திருத்தி ஓட்டத் தெரிந்த கை பழங்கதை ஆக இன்னும் கனகாலம் கிடக்கு.

“இது வெள்ளைக்காரரின் விளையாட்டு, எங்களுக்கு எதுக்கு” என்ற மூன்றாவது கட்சிக்குத்தான் நான் நின்று பதில் சொல்லவேண்டும். அமெரிக்க எஞ்சின் என்பது உண்மை. ஜீப் 4.0 எங்கட தெருக்களில் காண்பது அரிது. இங்க ஜீப் என்றால் மிற்சுபிசி 4DR5, பழைய லான்ட் ரோவர், அப்படியானவை. அவற்றில் கனக்க டீசல். டீசலில் அழுத்த விகிதத்தோடு கை வைக்கிறது முற்றிலும் வேறு கதை. அங்க ஸ்ட்ரோக்கர் என்று வெளிக்கிடுறவரை நான் தடுப்பன். ஆனால் நொக்கிங், ஒக்டேன், அழுத்த விகிதம் என்ற இந்தப் பாடம் எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடினது எங்கட வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற கதை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் அதில் ஓடினதுக்கு என்ன காரணம்? அவற்றின் அழுத்த விகிதம் குறைவு. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அழுத்தம் கூடின எஞ்சினில் அது அடித்து நொறுக்கியிருக்கும். கொஞ்சப் பெற்றோலை ஊற்றி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. இதெல்லாம் யாரோ யோசித்துச் செய்த வேலை.

அந்தக் கதையை நாங்கள் எப்படிச் சொல்லுறம்? “எங்கட சனம் எதையும் சமாளிக்கும்” என்று. சமாளிப்பு என்று சொன்ன உடனே அதைச் செய்த மெக்கானிக் மறைந்துபோவார். எந்தக் காரில் ஓடும், எதில் ஓடாது என்று தெரிந்து வைத்திருந்த ஆள், ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து சம்ப்புக்குள் போய் ஒயிலைத் தண்ணியாக்குது என்று கண்டு அடிக்கடி ஒயில் மாற்றச் சொன்ன ஆள், அவர் எங்கே? வீரக்கதையில் கார் இருக்கு, தடை இருக்கு, சனம் இருக்கு. அவர் இல்லை. பட்ஜெட் ஸ்ட்ரோக்கர் வீடியோவிலும் இதேதான். கிராங் இருக்கு, ஜீப் இருக்கு, சிரிச்சுக்கொண்டு நிற்கிற சொந்தக்காரர் இருக்கிறார். புளொக்கை அளந்து போர் பண்ணினவரின் கை மட்டும் படத்துக்கு வெளியில்.

ஆகவே இந்தச் சொல்லோட எனக்கிருக்கிற கோபம் அமெரிக்காவைப் பற்றினதில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் விலை போட்ட போனைக் கடையில் பேரம் பேசாமல் வாங்குற பெடியன், லேத் பாஸ் ஆறு சிலிண்டரையும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குறுக்கும் நெடுக்குமாய் அளந்து, பிஸ்டன் வந்து சேரும் வரைக்கும் போர் பண்ண மாட்டன் என்று சொன்னால், “அந்தாள் வேலையை இழுத்தடிக்குது, காசு பிடுங்கப் பார்க்குது” என்கிறான். பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் சிலிண்டரின் கடைசி அளவை வெட்டவேண்டும், ஏனென்றால் பெட்டியில் எழுதின அளவும் உள்ளே இருக்கிற பிஸ்டனின் அளவும் எப்பவும் ஒன்றாய் இருப்பதில்லை. இது இழுத்தடிப்பு இல்லை, தொழில். “பட்ஜெட்” என்று வீடியோவில் பழகின காது இதைத் தொழிலாகக் கேட்காது, செலவாகத்தான் கேட்கும். பேரம் பேசி அவரைக் குறைத்தால் அவர் என்ன செய்வார்? மூன்று இடத்தில் அளப்பதை ஒரு இடத்தில் அளப்பார். அவருக்கும் வீடு இருக்கு. எஞ்சின் ஒரு வருசத்தில் ஒயில் குடிக்கத் தொடங்கும். பிறகு “எங்கட ஊர் லேத் வேலை சரியில்லை, கொழும்புக்குத்தான் கொண்டுபோகவேணும்” என்று அதையும் நாங்களே சொல்லுவம். இதைப் பார்த்துக்கொண்டு அவருடைய மகன் ஏன் அந்தப் பட்டறைக்குள் காலடி வைக்கப்போறான்?

ஸ்ட்ரோக்கர் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆக்களில் ஜீப் வைத்திருக்கிறவர்களும் இதை வாசிக்கலாம், உங்களுக்கு 4.0 கையில் இருக்கு, அது தேய்ந்து திறக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது, கியர்விகிதத்தை ஏற்கெனவே ரயருக்கு ஏற்றபடி சரிக்கட்டிவிட்டீர்கள் என்றால், கட்டுங்கோ. அதுக்குமேல் நல்ல ஒரு பழைய எஞ்சினுக்குச் செய்யக்கூடிய வேலை குறைவு. இங்க இருக்கிறவர்கள் வேறு ஏதும் எஞ்சினில் இதே யோசனையை முயற்சி செய்வதாய் இருந்தால், பதிவுப் புத்தகத்தில் எஞ்சினின் கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கு என்பதை மறக்கவேண்டாம். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் விட்டால் வண்டி விற்கிற நாளில் தலையிடி.

பட்டறைக்குப் போகும்போது “எவ்வளவு முடியும்” என்பதை இரண்டாவது கேள்வியாய் வைத்துக்கொள்ளுங்கோ. முதலாவதாக ஒரு கொப்பி கொண்டுபோங்கோ. ஒவ்வொரு சிலிண்டரின் அளவு, கிராங்கின் ஒவ்வொரு ஜேர்னலின் அளவு, உச்சியில் பிஸ்டன் புளொக்கின் தளத்துக்கு எவ்வளவு கீழே நிற்குது, ஹெட் கஸ்கற்றின் தடிப்பு, எரியறையின் கொள்ளளவு. எரியறையை அளக்க ஒரு கண்ணாடித் தட்டும் மருந்தேற்றுற சிரிஞ்சும் கொஞ்ச ஒயிலும் போதும், அதை நீங்களே பக்கத்தில் இருந்து செய்யலாம். இந்த இலக்கங்கள் எல்லாம் கொப்பியில் ஏறின பிறகுதான் பிஸ்டனுக்கு ஓடர் கொடுக்கவேண்டும். அளந்து தந்தவரின் பெயரையும் திகதியையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி, அளவெடுத்த கூலியைப் போர் கூலியோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கோ. பாவிச்ச கிராங் என்றால் வெடிப்பிருக்கா என்று சோதிக்கிற காசையும் அதோட சேர்த்துக்கொள்ளுங்கோ.